கார் இருக்கிறது, ஸ்டிக்கர்தான் போனது

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். அங்கே அத்தை, தம்பி, உங்கள் ஸ்கூட்டர் எல்லோரும் நலம்தானே?

நீங்கள் வரிசையாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டேன். பாதிக்குப் பாதி விமானச் சத்தம். பொழிச்சலூரிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அது எனக்குப் பழக்கம். மிச்சம் காதில் விழுந்ததை வைத்துப் பார்த்தால், என் கார் திருடு போய்விட்டது, நான் ஆபீசுக்கு நடந்து போகிறேன், மாப்பிள்ளை இதை வெளியே சொல்லாமல் மறைக்கிறார். அப்படித்தானே?

நான் அம்மாவிடம் சொன்னது 'கார் ஸ்டிக்கரை யாரோ உரிச்சிட்டுப் போயிட்டான்' என்று. அம்மா அதைப் பம்மல் பெரியம்மாவிடம் 'கார்ல என்னமோ திருட்டாம்' என்றிருக்கிறாள். பெரியம்மா உங்களிடம் வரும்போது ஸ்டிக்கர் வழியிலேயே விழுந்து, கார் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான். அதற்குள் இவ்வளவு.

'ஸ்டிக்கரைப் போய் எவனாவது திருடுவானா?' என்று அடுத்த மெசேஜ் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்கூட்டருக்கு வாங்கும்போதே ஆயுள் வரி கட்டினீர்கள். பதினைந்து வருஷம் யாரும் உங்களைக் கேட்கவில்லை. பிறகு எஃப்.சி., பசுமை வரி என்று கொஞ்சம் முனகிவிட்டு அதையும் கட்டினீர்கள். இங்கே அப்படி இல்லை. வருஷா வருஷம் கட்ட வேண்டும். காரின் மதிப்பில் 0.65 சதவீதம், அதன் மேல் பதிவுக் கட்டணம், நெடுஞ்சாலைப் போலீசுக்கென்று ஒரு கட்டணம், இன்னும் சில சில்லறைகள். எல்லாம் சேர்ந்தால் சில நூறு டாலர் வரும். இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். கார் கொஞ்சம் பழசென்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைச் சோதனையிலும் தேற வேண்டும். இத்தனையும் முடித்தவனுக்கு அரசாங்கம் தருகிற அத்தாட்சிதான் அந்தக் குட்டி ஸ்டிக்கர். பின்பக்க நம்பர் பிளேட்டின் வலது மூலையில் வருஷம், இடது மூலையில் மாதம். போலீஸ்காரர் ஓடும் காரிலிருந்தே கண்டுபிடிக்க வசதியாக வருஷத்துக்கு ஒரு நிறம்.

இப்போது யோசியுங்கள். ஒருத்தனுடைய கார் கரும்புகையாகக் கக்குகிறது, சோதனையில் தேறாது. இன்சூரன்ஸ் கட்டக் காசில்லை. பக்கத்துத் தெருவில் என் கார் இந்த வருஷ நிறத்தோடு நிற்கிறது. நகமும் ரெண்டு நிமிஷமும் இருந்தால் போதும். நம்ம ஊரில் திருடன் வந்தால் வண்டியை எடுப்பான், இல்லை பெட்ரோலை உறிஞ்சுவான். இங்கே வரி ரசீதை எடுத்துக்கொண்டு காரை விட்டுவிட்டுப் போகிறான். நல்ல குடிமகனாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திருடுகிறவனை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

பாவம், அவனுக்கும் பிரயோஜனமில்லை. ஸ்டிக்கருக்கென்று தனி எண் உண்டு. அது எந்தக் காருக்குக் கொடுக்கப்பட்டது என்பது பதிவுச் சீட்டில் இருக்கிறது. போலீஸ்காரர் அவன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் குட்டு உடைந்துவிடும்.

ஸ்டிக்கர் இல்லாமல் ஓட்டினால் என்னைத்தான் பிடிப்பார்கள். பிடித்தாலும் பெரிய வில்லங்கம் இல்லை. 'சரிசெய்துவிட்டு வந்து காட்டு' என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். சரிசெய்து, கையெழுத்து வாங்கி, கோர்ட்டுக்கு 25 டாலர் கட்டினால் விட்டுவிடுவார்கள். அந்த 25 டாலரை நம்ம ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற வியாதி எனக்கு இன்னும் போகவில்லை என்பதால் அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

முதலில் போலீஸ் புகார். இங்கே பல ஊர்களில் சின்னத் திருட்டென்றால் ஸ்டேஷனுக்குப் போகவே வேண்டாம், வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதிக் கொடுக்கலாம். தொலைந்துபோன ஆர்.சி.க்கு நம் தமிழ்நாடு போலீசும் இப்போது அப்படித்தான் சான்று தருகிறது என்று தம்பி சொன்னான். திருடு போன பொருள் என்ன, மதிப்பு எவ்வளவு, யார் மேலாவது சந்தேகமா என்று கேள்விகள். மதிப்பு என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். காகிதத்தின் மதிப்பா, நான் கட்டின வரியின் மதிப்பா? மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, 'மன உளைச்சலையும் சேர்த்துப் போடு' என்றார்.

அடுத்தது மோட்டார் வாகனத் துறை. இங்கே டி.எம்.வி. என்பார்கள். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசலில் மரத்தடி கிடையாது. மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு 'என்ன வேணும் மேடம், உள்ள போகாதீங்க' என்று நம்மைக் காப்பாற்ற ஆள் கிடையாது. எல்லாவற்றையும் நாமே பூர்த்தி செய்ய வேண்டும். நீங்கள் ஆர்.சி. தொலைத்தபோது படிவம் 26 எழுதிக் கொடுத்தீர்களே, இங்கே அதற்குப் படிவம் 156. தொலைந்ததா, திருடு போனதா, கிழிந்ததா என்று கட்டம் கட்டமாக இருக்கும். டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, கட்டணம் கட்டினால் மாற்று ஸ்டிக்கர்.

ஸ்டிக்கர் மட்டும் போனதால் என் நம்பர் அப்படியே இருக்கிறது. இரண்டு பிளேட்டில் ஒன்று போயிருந்தால் மிச்சமிருக்கும் ஒன்றையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுப் புது நம்பர் வாங்க வேண்டியிருக்கும். 'அதையே செய், பழைய நம்பர் கூட்டினா எட்டு வருது, அதனாலதான் இப்படி' என்று நீங்கள் சொன்னது விமானத்தையும் மீறித் தெளிவாகக் கேட்டது. மாமா, வட திருநள்ளாறு என்று பேர் வாங்கின ஊரில் இருந்துகொண்டு எட்டுக்குப் பயப்படலாமா? சனிக்கிழமை எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அகஸ்தீஸ்வரர் கோயிலுக்கு வந்து சனீஸ்வரனுக்கு எள் தீபம் ஏற்றுகிறார்கள். நீங்கள் தெருவில் இறங்கினால் கோயில். எனக்காக ஒரு தீபம் போடுங்கள், நம்பரை விட்டுவிடுங்கள்.

புது ஸ்டிக்கரை ஒட்டுவதற்குத்தான் ஒரு குருநாதர் தேவைப்பட்டார். எதிர்வீட்டில் ஒரு மெக்சிகோக்காரத் தாத்தா. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே வெளியே வந்துவிடுவார். என் பிளேட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு இந்தக் காரை விற்ற புண்ணியவான் பழைய ஸ்டிக்கர் மேலேயே புதுசு, அதன் மேலே அடுத்த வருஷம் என்று ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார். பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு ஏறின மாதிரி தடித்துக் கிடந்தது. அந்தத் தடிப்பில் நகத்தைக் கொடுத்தால் மேல் ஸ்டிக்கர் முழுசாகக் கையோடு வந்துவிடுமாம்.

தாத்தா முதலில் ஹேர் டிரையரைக் காட்டிச் சூடாக்கினார். பிறகு ஒரு பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டச் சுரண்ட நீலம், ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று வருஷங்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து வந்தன. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, புதுசை ஒட்டி, கட்டை விரலால் நாலு மூலையையும் அழுத்தினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து, அந்தப் புத்தம்புது ஸ்டிக்கரை இப்படியும் அப்படியும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். நான் 'ஐயோ' என்று தமிழிலேயே கத்திவிட்டேன். இனி எவன் உரித்தாலும் துண்டு துண்டாகத்தான் வருமாம். இந்தத் தெருவில் எல்லா ஸ்டிக்கரிலும் கீறல் இருப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

இதில் எனக்குப் பெருமையான இடம் ஒன்று இருக்கிறது. தம்பி புதுக் கார் வாங்கினானே, அதன் முன் கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும் பாருங்கள். 2019 ஏப்ரல் 1-லிருந்து வருகிற புது வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு சேர்த்து வைக்கிறார்கள். அதை உரித்தால் அதுவாகவே சிதைந்துபோகும். பிளேட்டிலும் லேசரில் பொறித்த எண், அசோகச் சக்கர ஹாலோகிராம், ஒருமுறை கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பூட்டு. ஆர்.சி.யைப் போனில் காட்டினாலே போதும். இங்கே கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் பக்கத்து ஊரில், சான்ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் டிரைவரே இல்லாத டாக்சி ஓடுகிற காலத்தில், ஒரு தாத்தா பிளேடு வைத்துக் கீறித்தான் அரசாங்க முத்திரையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மற்ற மாநிலங்களில் சிலது விழித்துக்கொண்டன. பென்சில்வேனியா 2016 டிசம்பர் கடைசியோடு ஸ்டிக்கரே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது, போலீஸ் கம்ப்யூட்டரில் நம்பரைப் பார்த்துக்கொள்ளும். கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. திரையில் எண் தெரிகிற மின்னணு பிளேட்டை 2022-ல் சட்டம் போட்டு அனுமதித்தது. அதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். 2024-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதையும் உடைத்து, வேண்டிய எண்ணை வரவழைத்துக் காட்டிவிட்டார்.

நம்பர் பிளேட்டே இல்லாமல் ஓட்டியவரும் இங்கே இருந்தார், ஆப்பிள் ஸ்டீவ் ஜாப்ஸ்தான். புதுக் காருக்குப் பிளேட் மாட்ட அப்போது ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு புது மெர்சிடிஸ், அதே மாடல், அதே வெள்ளி நிறம், வாடகைக்கு எடுத்துக்கொண்டே இருந்தார் என்பார்கள். 2019 ஜனவரியிலிருந்து புதுக் காருக்கும் தற்காலிகப் பிளேட் கட்டாயம் என்று அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

பிளேட்டை யார் செய்கிறார்கள் தெரியுமா? ஃபால்சம் மாநிலச் சிறையில் கைதிகள். ஜானி கேஷ் என்ற பாடகர் 1968-ல் உள்ளே போய்க் கச்சேரி செய்தாரே, அதே சிறை. என் ஸ்டிக்கர் திருடன் பிடிபட்டால் அங்கே உட்கார்ந்து எனக்கே பிளேட் அடிப்பான் என்று நினைத்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு அற்பத் திருட்டுக்கெல்லாம் அந்தப் பெரிய சிறைக்கு அனுப்ப மாட்டார்களாம்.

ஸ்டிக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓய்வுபெற்ற பிறகும் உங்கள் ஸ்கூட்டரில் அந்த அரசாங்க 'அ' இன்னும் இருக்கிறதா? பிரஸ், போலீஸ், வக்கீல் என்று கண்டதையும் ஒட்டக்கூடாது என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2024 மே 2-லிருந்து பிடிக்க ஆரம்பித்ததைப் படித்தேன். 'நமக்குத் தாம்பரம் கமிஷனரேட், அது வேற எல்லை' என்று அத்தையிடம் சட்டம் பேசினீர்களாம். பேங்க் வேலையாகக் கிண்டி போகும்போது மட்டும் 'அ' மேல் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு போவதாகவும் கேள்வி. உரித்துவிடுங்கள் மாமா. பிளேடு வேண்டாம், ஹேர் டிரையர் போதும்.

கடைசியாக, இஷ்டப்பட்ட எழுத்தில் பிளேட் வாங்கலாமாமே, ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள் என்றீர்கள். வாங்கலாம், கூடுதல் கட்டணம் கட்டினால் போதும். ஆனால் கலிஃபோர்னியாவில் கார் பிளேட்டுக்கு அதிகபட்சம் 7 எழுத்து. ஆங்கிலத்தில் பொழிச்சலூருக்கு 11 வருகிறது. பல்லாவரத்துக்கு 10. நம்ம பக்கத்தில் அடங்கக்கூடிய ஊர் என்றால் பம்மல்தான். இதைப் பெரியம்மா காதில் போட்டுவிடாதீர்கள். உடனே ஒன்று அனுப்பு என்பாள், அவளிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் அக்கா மகள்