இன்னும் ஒரு கோட்டிங்

மிளகுக் கொடி ஏறாத சில்வர் ஓக் மரத்தைக் கொல்லிமலையில் தேடிக் கண்டுபிடித்தாலும் கண்டுபிடித்துவிடலாம். தம்முடைய பழைய ஜீப்புக்குத் தாமே வர்ணம் பூசிவிட முடியும் என்னும் நம்பிக்கை இல்லாத ஜீப்காரர் ஒருவரைச் செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயில் வரைக்கும் தேடினாலும் காண்பது துர்லபம். இந்த நம்பிக்கை உதிப்பதற்கும் ஒரு காலம் உண்டு. சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டியிருப்பதால், அந்தக் கெடு நெருங்குகிற சமயத்தில், பலாப்பழமும் அன்னாசியும் வாழைத்தாரும் காப்பி மூட்டையும் ஏற்றி இறக்கியதில் மேனியெங்கும் தழும்பேறி நிற்கும் வாகனத்தை ஒரு நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்தபடியே நம்மவர் ஏற இறங்கப் பார்ப்பார். கையிலுள்ள காப்பி ஆறுவதற்குள் சங்கல்பம் பூர்த்தியாகிவிடும்.

அவரை முழுக்கக் குற்றம் சொல்வதற்கில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தின் நிமித்தம் அவசர அவசரமாகப் பிறந்து, நம் நாடு விடுதலை பெற்றதை ஒட்டி மகிந்திரா கம்பெனியாரின் முயற்சியால் பம்பாயில் பூட்டப்பெற்று, காலக்கிரமத்தில் மலைப்பாதைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்த இந்த வண்டிக்கு வளைவு நெளிவு என்று அதிகம் கிடையாது. தட்டையான தகடுகள், வெளியே தெரியும்படியான கீல்கள், ஸ்பானர் வைத்துத் திருகினால் கழன்று வந்துவிடும் மட்கார்டுகள் ஆகிய இவற்றைப் பார்க்கிற எவனுக்கும், வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்டு அடித்த அநுபவமே இதற்குப் போதும் என்ற மயக்கம் உண்டாவது சகஜந்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த மயக்கம் தெளிவதற்கான மருந்து மலையடிவாரத்துக்கு அப்பாலேயே இருக்கிறது. வெறும் எஞ்சினும் சட்டமுமாய் வந்து நிற்கிற சேஸிஸுக்குப் பாடி கட்டி, நெற்றியில் குலதெய்வத்தின் நாமத்தையும் பின்புறத்தில் ஹாரன் அடிக்கக் கோரும் விண்ணப்பத்தையும் எழுதித் தேசம் முழுவதும் அனுப்பிவைக்கிற நாமக்கல்லில், கைதேர்ந்த பெயிண்டர்களுக்குப் பஞ்சமில்லை. காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, நாமக்கல்லுக்குப் போய் அங்கே ஒரு பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வந்தால், சில நாட்களில் முகம் பார்க்கும்படியான பளபளப்போடு திரும்பிவிடும். இதைச் சொன்னால் நம்மவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

“அங்க குடுத்தா கூலியே வண்டி விலைக்கு வந்துருமுங்க. நாமளே அடிச்சா பெயிண்டுக் காசு மட்டுந்தானே?”

பெயிண்டுக் காசு மட்டுந்தான். ஆனால் பெயிண்டு வாங்கிக்கொண்டு மலையேறிய பிறகுதான் தின்னர் வாங்காதது நினைவுக்கு வரும். தின்னர் வந்தபின் உப்புத்தாள் போதாதென்று தெரியும். உப்புத்தாள் வந்தபின் மாஸ்கிங் டேப்பைப் பற்றிய பிரஸ்தாபம் எழும். செம்மேட்டுக் கடைகளில் கிடைக்காத பொருள்கள் அல்ல இவை. எனினும் ‘கீழ்ச்சரக்கு’க்கு உள்ள மகிமை மேல்சரக்குக்கு இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். இத்தனை முறை இறங்கி ஏறிய டீசல் செலவு அவர் கணக்கில் ஏறுவதே இல்லை, ஏனெனில் டீசல் பெயிண்டு அல்லவே!

பழைய வர்ணத்தைச் சுரண்டி, துருவை நீக்கி, ரெட் ஆக்ஸைடு பூசி, பள்ளம் விழுந்த இடங்களில் பட்டி வைத்துத் தேய்க்கும் கட்டத்தில்தான் அவருடைய உண்மையான சொரூபம் வெளிப்படுகிறது. பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர். கையில் மரக்கட்டையைச் சுற்றிய உப்புத்தாள், முதலில் சொரசொரப்பான 120-ஆம் எண், போகப்போக மெல்லிய 400. ஈரத்தில் தேயும் பட்டி சாம்பல் நிறக் குழம்பாகி மணிக்கட்டைக் கடந்து முழங்கை வழியே வடிந்து வேட்டியை நனைத்துக்கொண்டிருக்க, அவர் கண்களை மூடி, விரல்களை நீட்டி, கதவின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுவார். தகட்டின் மேடு பள்ளம் கண்ணுக்குப் புலப்படாது, கைக்குத்தான் தெரியும் என்பது தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிற உண்மை. ஆனால் தொழில் தெரிந்தவன் ஒரு தடவை தடவிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். நம்மவரோ தபால்காரர், பால் ஊற்ற வந்த பையன், சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிற கிழவி என்று அவ்வழியே செல்லும் ஒருவரையும் விடாமல் நிறுத்தி, “தடவிப் பாருங்க” என்று உபசரிப்பார். ‘வழவழவென்று இருக்கிறது’ என்று வாயால் சொன்னாலொழிய அவர்களுக்கு விமோசனம் இல்லை. என் அபிப்பிராயத்தில் இந்தப் பட்டி பார்க்கும் வேலையை அவர் மெய்யாகவே நன்றாகச் செய்கிறார். இதோடு நிறுத்திக்கொண்டு பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது.

அடுத்தபடியாக ஆகாயம் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியார் 1923-ஆம் ஆண்டு வாக்கில் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தைக் கொண்டுவந்து, அதுவரை வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த மோட்டார்களை மளமளவென்று காய வைத்தார்கள். அந்தப் புண்ணியவான்கள் கொல்லிமலைப் பனிமூட்டத்தைக் கண்டதில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்ந்துபோய், காற்றிலுள்ள ஈரம் நீராக அதன்மேல் படிந்து, வர்ணம் திருநீறு பூசினாற்போல் வெளுத்துவிடும். பட்டறைக்காரன் என்றால் மழைநாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அல்லது மெதுவாய் ஆவியாகும் வேறு தின்னரைக் கலப்பான். நம்மவர் கம்ப்ரஸரை நாள் வாடகைக்கு எடுத்திருப்பதால் மூட்டத்துக்காகக் காத்திருக்க வாடகை இடம் கொடுப்பதில்லை. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் வடிவு குன்றாதது கொல்லிப்பாவை என்று நற்றிணைப் புலவர் பாடியிருக்கிறார். அந்தப் பாவைக்கு யார் எந்தக் கடையில் வர்ணம் வாங்கினார்கள் என்பதையும் பாடி வைத்திருந்தால் உபகாரமாக இருந்திருக்கும்.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி விடுத்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் வியந்திருக்கிறார். அந்த வள்ளலின் சிலை நிற்கிற செம்மேட்டுப் பக்கத்திலேயே, ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் எடுத்த நம்மவரின் முதல் வீச்சு பானெட்டில் பட்டு, கொடியில் காய்ந்த புடவையைத் தழுவி, கோழிக்கூண்டைக் கடந்து, எதிர்வீட்டுச் சுவரில் போய்ப் படிந்ததை அவருடைய மனைவி கண்டார், அவர் வியக்கவில்லை.

“ஏங்க, புடவைக்கும் பட்டி பாத்துத்தான் அடிச்சீங்களா?”

பானெட்டில் ஒரு சிறு பூச்சி உட்கார்ந்தது. காய்ந்தபின் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும் என்பதை அறிந்தும், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் பொறாமல் நம்மவர் அதைச் சுண்டுவிரலால் எடுக்கப் போக, பூச்சி வந்தது. சுண்டுவிரலின் ரேகை தங்கிவிட்டது. ரேகையைச் சரிசெய்ய ஒரு தேய்ப்பு, அதை மறைக்க ஒரு வீச்சு, அந்த வீச்சு வழிந்து இறங்கிய கண்ணீர்த்தாரையை நீக்க மறுபடியும் உப்புத்தாள். கண்ணாடியின்மேல் ஒட்டிவைத்த பழைய தினசரி, காயாத கதவின்மேல் நழுவி விழுந்து, நீத்தார் அறிவிப்பு ஒன்றைத் தலைகீழ் எழுத்தில் அச்சிட்டுவிட்டதற்கும் அதே பரிகாரந்தான். எப்போது முடியும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம், “இன்னும் ஒரு கோட்டிங் அடிச்சாப் போதும்” என்பதே பதில். முடித்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டா என்பதே எனக்குச் சந்தேகம். மிளகு பறிப்பிலும் காப்பி உலர்த்துவதிலும் ஊரார் ஆளுக்கொரு யோசனை சொல்லுவார்கள்; உப்புத்தாளும் கையுமாக ஜீப்பின் அருகில் குந்தியிருக்கும்போது மட்டும் எல்லோரும் அவருடைய யோசனையைக் கேட்கிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜீப் என்றால் மிலிட்டரிப் பச்சைதான் என்று அதையே வாங்கிவந்து பாதி வண்டிக்கு அடித்தும் விட்டார். பக்கத்துத் தோட்டத்து ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர், பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டிக்கும் அந்த ஆலிவ் பச்சையை அடிக்கக்கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி இருப்பதாகக் கூறவே, நம்மவர் மிச்சமிருந்த பெயிண்டில் வெள்ளையும் மஞ்சளும் கலந்து, அதுவரை உலகில் எந்தக் கம்பெனியின் அட்டையிலும் இடம்பெறாத ஒரு வர்ணத்தைச் சிருஷ்டித்தார். நிறம் மாறினால் பதிவுச் சான்றிலும் மாற்றியாக வேண்டும். அலுவலகத்து வாசலில் விண்ணப்பம் எழுதித் தருகிறவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “என்ன கலருன்னு போடட்டுங்க?” என்று கேட்டுவிட்டு, வண்டியை எட்டிப் பார்த்தார்; இடப்புறத்தைப் பார்த்தார்; சுற்றிவந்து வலப்புறத்தையும் பார்த்தார்; கடைசியில் ‘பச்சை’ என்று எழுதிப் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காதபடி முற்றுப்புள்ளி வைத்தார்.

காரியம் ஜயமாயிற்று. திரும்பி மலையேறுகையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழே இறங்கிவந்த பேருந்துக்கு வழிவிட ஒதுங்கியபோது, இடது மட்கார்டு பாறையில் ஒரு சாண் நீளத்துக்கு உரசிவிட்டது. உடன் வந்த மைத்துனர் ‘ஐயோ’ என்றார். நம்மவர் இறங்கிவந்து, கண்ணை மூடி, உரசிய இடத்தை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் துக்கத்தின் சாயலே இல்லை.

“பரவால்ல மாப்ள, டப்பாவுல பட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கு.”