மீனுக்கு எதுக்கு சார் ஆர்.ஓ.?

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்க்கத்தான் மலையேறுகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, பாதி வழியில் வாந்தியெடுத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கி, படகில் ஒரு சுற்று சுற்றி, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இருட்டுவதற்குள் சேலம் திரும்பிவிடுவார்கள். ஊருக்கே பொதுவாக அவ்வளவு பெரிய ஏரி இருக்கும்போது வீட்டுத் தோட்டத்தில் தனியாக ஒரு குளம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லாததால் குளம் வெட்டப்பட்டது.

பத்தடி நீளம், எட்டடி அகலம், மூன்றடி ஆழம். அதில் விட கோய் மீன் வேண்டும். வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சேலம் மாவட்டத்திலேயே மேட்டூர்ப் பக்கம் ஒரு கொளத்தூர் இருக்கிறது. என் மச்சினன் அங்கே போய்ச் சிவப்பும் வெள்ளையும் கலந்த மீன் கேட்டிருக்கிறான். அவர்கள் மரியாதையாக உட்காரவைத்து, மேட்டூர் அணை மீனைக் குழம்புக்கு ஏற்ற அளவில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வண்ண மீனுக்குப் பேர் போன கொளத்தூர் சென்னையில், வில்லிவாக்கத்தை அடுத்து இருக்கிறது. கடைசியில் மீன்கள் ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் ரயிலேறி வந்தன. வாந்தி எடுக்காமல் மலையேறிய விருந்தாளிகள் அவர்கள் மட்டும்தான்.

முதல் சில மாதம் அழகு. பிறகு காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் கோடை மழை பெய்தது. அதையடுத்து வெயில் அடித்தது. குளம் பச்சையானது. ஓரத்தில் பாசி படியும் பச்சை என்றால் சகித்துக்கொள்ளலாம். இது தண்ணீரே பச்சை. உள்ளே மீன் இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி, பொரி போட்டால் மேலே எழும் வட்டம்தான்.

காரணம் பெரிய மர்மமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் தண்ணீரில் மிதந்துகொண்டே பெருகுகின்றன. அவற்றுக்கு வேண்டியது வெயிலும் சாப்பாடும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரேட்டும் ஒரு சாப்பாடு. என் வீடு இருப்பதோ சரிவில். மேலே காப்பித் தோட்டம். மழை வந்ததும் அங்கே உரம் வைப்பார்கள், அடுத்த மழையில் அதில் ஒரு பங்கு என் குளத்துக்கு இறங்கிவிடும். அது இரண்டாவது சாப்பாடு. மூன்றாவது, என் மாமியார். கோயில் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்று வளர்ந்தவர். அவருக்கு இப்போது தெப்பக்குளம் வாசலுக்கே வந்துவிட்டது. காலையில் ஒரு படி, மாலையில் ஒரு படி.

“அத்தை, கொஞ்சமா போடுங்க, தண்ணி கெட்டுப்போவுது.”

“வாயில்லா ஜீவன், மாப்பிள்ளை.”

வாய்தான் அவற்றின் பிரச்சினையே என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

தண்ணீர் பச்சையானால் ஊரில் உள்ள அத்தனை பேரும் வைத்தியர் ஆகிவிடுகிறார்கள். மாமியார் தேத்தாங்கொட்டை என்றார். கலங்கிய ஆற்றுநீரைப் பானையில் பிடித்து, உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் சேறு அடியில் படிந்துவிடும். தலைமுறை தலைமுறையாகச் செய்த காரியம், உண்மையிலேயே வேலை செய்யும் காரியமும்கூட. மண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலக்கிக்கொண்டு மிதப்பதற்கு அவற்றின் மின்னேற்றம் காரணம். கொட்டையிலிருந்து வரும் பொருள் அதைச் சமன்செய்து துகள்களைச் சேர்த்துக் கட்டுகிறது. ஆனால் சேறு குட்டி போடாது, பாசி போடும். 6,800 லிட்டர் குளத்துக்கு யார் உட்கார்ந்து உரசுவது என்ற கேள்வியும் இருந்தது. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மச்சினனின் வைத்தியம் நெல்லிக் கட்டை. அவன் கிராமத்துக் கிணற்றில் நெல்லிக் கட்டை போட்டுத்தான் தண்ணீர் இனிக்கிறதாம். என் மீன்கள் தண்ணீர் கசக்கிறது என்று புகார் சொல்லவில்லை என்று பதில் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்து நண்பர் இன்னும் துணிச்சலானவர். “மயில்துத்தம் ஒரு பிடி போடுங்க, மறுநாள் பளிங்கு மாதிரி ஆயிடும்” என்றார். காப்பித் தோட்டக்காரர்கள் வீட்டில் மயில்துத்தம் எப்போதும் இருக்கும். சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக இலைத்துரு நோய்க்கு அடிப்பார்கள். பாசி சாகும் என்று அவர் சொன்னது சரி. மீனும் சாகும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். செம்பு மீனுக்கு விஷம், அதுவும் சுண்ணாம்புச் சத்து குறைந்த மலைத்தண்ணீரில் அதன் வேகம் இன்னும் அதிகம். பளிங்குத் தண்ணீரில் மிதக்கும் கோய்களை நினைத்துப் பார்த்துவிட்டு, காப்பி கொடுத்து அவரை அனுப்பிவைத்தேன்.

ஆக, புற ஊதா விளக்கு என்று முடிவானது. இதன் கதை பழையது. வெயில் படும் இடத்தில் கிருமி பெருகாது என்று 1877-இல் டௌன்ஸ், பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சோதனைக் குழாய்களை வைத்துக் காட்டினார்கள். 1910-இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் குடிநீரையே இந்த ஒளியால் சுத்தம் செய்து பார்த்தார்கள். நம் ஊரில் 1980களில் டை கட்டிய இளைஞர்கள் வீடு வீடாகப் படியேறி விற்ற அக்வாகார்டுக்குள் இருந்ததும் இதே வெளிச்சம்தான். 254 நானோமீட்டர் அலைநீளம். அது பாசியின் உயிரணுவுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடுகிறது. அதன் பிறகு பாசியால் பிள்ளை பெற முடியாது. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களில் இவ்வளவு கறாரானது வேறொன்றில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். குளத்துக்கு யு.வி. வேண்டும் என்றதும் கடைக்காரர் பையனைப் பார்த்தார், பையன் என்னைப் பார்த்தான்.

“மீனுக்கு எதுக்கு சார் ஆர்.ஓ.?”

“ஆர்.ஓ. இல்லைப்பா, யு.வி. தண்ணி பச்சையாயிடுச்சு.”

“அப்ப தண்ணிய மாத்திடுங்க சார்.”

கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னதை இரண்டு முறை செய்து பார்த்தவன் நான். புதுத் தண்ணீரில் பாசி இன்னும் உற்சாகமாக வரும். விஷயத்தைக் கேள்விப்பட்ட மனைவி, “நம்ம குடிக்கற தண்ணிக்கே இன்னும் வடிகட்டித் துணிதான் கட்டியிருக்கு” என்று சமையலறையிலிருந்து நினைவூட்டினாள்.

வாட் கணக்கில்தான் ஆளாளுக்கு ஏமாற்றுகிறார்கள். ஏறக்குறைய 4,000 லிட்டருக்கு 10 வாட் என்பது மீன் வளர்ப்பவர்களிடம் பரவலாக வழங்கும் கணக்கு. என் குளத்துக்கு 18 வாட் பொருந்தும். 55 வாட் வாங்கச் சொல்லிப் பார்த்தார்கள், 9 வாட் போதும் என்றும் சொன்னார்கள், ஒரே கடையில், ஒரே ஆள், சரக்கு இருப்பைப் பொறுத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குளத்துத் தண்ணீர் முழுவதும் விளக்கைக் கடந்துபோக வேண்டும் என்றால் மணிக்கு 3,400 லிட்டர் தள்ளும் மோட்டார் வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர், தண்ணீரை மேலே ஏற்றாமல் தரையோடு தரையாகத் தள்ளும்போது வருவது. நாலடி ஏற்றினால் அதில் கணிசமாகக் குறையும். அதற்காக அளவுக்கு மீறிப் பெரிய மோட்டாரும் ஆகாது. தண்ணீர் விளக்கின் முன்னால் ஓடிப்போய்விட்டால் பாசிக்கு வெயில் பட்ட மாதிரிகூட இருக்காது. 60 வாட் மோட்டார் ஒன்றில் சமாதானமானேன்.

இனி மின்சாரக் கணக்கு. விளக்கும் மோட்டாரும் சேர்ந்து 78 வாட். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 112 யூனிட். அரசு வீட்டுக்கு இலவசமாகத் தருவது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். ஆக, குடும்பத்துக்கென்று அரசு தந்த சலுகை முழுவதையும் மீன்கள் வாங்கிக்கொண்டு, மேலே 12 யூனிட் கடனும் வைக்கின்றன. நாங்கள் மின்விசிறி போட்டால் அது எங்கள் சொந்தச் செலவு. நல்லவேளை, ஏற்காட்டில் மின்விசிறி தேவைப்படும் நாள் குறைவு.

பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் தம்பி தைரியசாலி. தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரம் என்பதால் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. போட்டே ஆகவேண்டும் என்றேன். “ஒண்ணும் ஆவாதுங்க சார்” என்றார். ஆகாத வரைக்கும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொல்லிப் போடவைத்தேன். விளக்குக் குழாயைக் குளத்துக்குள் போடக்கூடாது. கரையில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மழை படாத கூரைக்குக் கீழே இருக்கவேண்டும். குளத்தின் ஆழமான மூலையில் மோட்டார், அங்கிருந்து ஹோஸ், யு.வி., பிறகு ஸ்பாஞ்ச் அடுக்கிய வடிகட்டி டிரம், அங்கிருந்து கல்லின் மேல் வழிந்து மறுபடி குளம். நடுவில் ஒரு கேட் வால்வு வைத்து ஒரு பைபாஸும் கொடுத்தார், வேகத்தைக் கட்டுப்படுத்த. டெஃப்லான் டேப் சுற்றுவதில் அவருக்கு இருந்த பொறுமை வேறு எதிலும் இல்லை.

சுவிட்ச் போட்டதும் மூடியைத் திறந்து எரிகிறதா என்று பார்க்கப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். இந்த ஒளியை நேரே பார்த்தால், கண்ணாடி போடாத வெல்டிங்காரருக்கு வருகிற அதே கண் எரிச்சல் ராத்திரி வந்து சேரும். குழாயின் இணைப்பு முனை லேசாக ஒளி ஊடுருவுவது. அங்கே நீலமாக மினுங்கினால் எரிகிறது என்று பொருள். மலையில் மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து கம்பி மேல் விழுவது வாடிக்கை. ஆகவே அந்த நீலத்தை நாங்கள் விட்டுவிட்டுத்தான் தரிசித்தோம்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாமியார் பொரியைக் கூட்டினார். செத்த பாசி திரள் திரளாகச் சேர்ந்து வடிகட்டியில் மாட்டுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஸ்பாஞ்சை அடிக்கடி அலச வேண்டும், அதையும் குளத்துத் தண்ணீரிலேயே. குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் வடிகட்டியில் குடியேறிய நல்ல பாக்டீரியா செத்துவிடும். பிறகு ஒரு காலை, அடி தெரிந்தது.

அடியில் பேரனின் கிரிக்கெட் பந்து இருந்தது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. வேலைக்காரி எடுத்துப் போய்விட்டாள் என்று மனைவி மனசுக்குள் வைத்திருந்த டம்ளர் அது. கொத்தனார் “மட்டம் பார்த்துத்தான் சார் பூசியிருக்கு” என்று சத்தியம் செய்த தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே விரலளவு கனத்தில் ஊறிப்போன பொரி. விளக்கு பாசியைத்தான் கொல்லும், பாசி தின்ற உரத்தை அல்ல. அந்த உரத்தைத் தின்ன அடுத்த கட்சி வந்தது, கற்களில் தலைமுடி போல நீளும் இழைப்பாசி. அது மிதப்பதில்லை, விளக்கின் முன்னால் போவதுமில்லை. குச்சியில் சுற்றி எடுப்பது தவிர வேறு வழியில்லை.

அதோடு மீன்கொத்தியும் வந்தது. பச்சைத் தண்ணீர் இருந்தவரை அதற்கு என் வீடு ஒரு விலாசமே இல்லை. இப்போது மாதுளைக் கிளையில் உட்கார்ந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தது. “சார், லைட்டை அணைச்சிடுங்க, பச்சை வந்துடும், மீன் தப்பிச்சுக்கும்” என்றார் எலக்ட்ரீஷியன். தோட்டக்காரர் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. எங்கிருந்தோ அல்லிக் கிழங்கு கொண்டுவந்து கூடையில் வைத்துக் குளத்தில் இறக்கினார். இலைகள் பாதிக் குளத்தை மூடின. வெயில் குறைந்தது, உரத்தை அல்லி உறிஞ்சியது, குஞ்சுகளுக்கு ஒளிய இடம் கிடைத்தது. செலவு ஒரு காப்பி.

இதில் ஒரு சங்கடம். விளக்கின் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம், ஒரு வருடத்துக்குச் சற்றே மேல். அதன் பிறகும் அது நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும், புற ஊதா மட்டும் போதாது. ஓய்வு பெற்ற பிறகும் தினம் பத்து மணிக்கு அலுவலகம் வந்து உட்காரும் ஹெட் கிளார்க்கைப் போல. வருடம் முடிந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. விளக்கால் என்றார் எலக்ட்ரீஷியன். தோட்டக்காரர் அல்லியைப் பார்த்துச் சிரித்தார். தான் பொரியை அரைப்படியாகக் குறைத்ததுதான் காரணம் என்று மாமியார் அடித்துச் சொன்னார்.

“ஏங்க, புது லாம்ப் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அணைச்சுப் பார்த்துடலாமே?” என்றாள் மனைவி. ஐப்பசி அடைமழையில் அதுவும் தானாக நடந்தது. சில நாள் தொடர்ந்து கரண்ட் இல்லை, தண்ணீர் கெடவும் இல்லை. மூடுபனியில் பாசிக்கு வெயில் கிடைக்காது, ஆகவே அந்தச் சோதனை செல்லாது என்று தீர்ப்பளித்தேன்.

“அப்ப வெயில் காலத்துல அணைச்சுப் பாருங்க.”

வெயில் காலத்தில் முடியாது. மே மாதம் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, கோடை விழாவுக்கு மச்சினன் குடும்பத்தோடு வருகிறான். நெல்லிக் கட்டையை அறுத்து வைத்துவிட்டதாகப் போனில் சொன்னான். அன்று சாயங்காலமே சேலம் கடைக்குப் போன் போட்டு, 18 வாட், நாலு பின் என்று சொல்லிவிட்டேன்.