கடற்கோட்டையும் ஃப்ளொப்பி வாளியும்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் கடலுக்குள் குந்தியிருக்கிற கடற்கோட்டையைக் கட்டினவன் பறங்கி. சுத்திவரக் கடல், மேலே பீரங்கி, எவன் கிட்ட வருவான் என்று மீசை முறுக்கினான். 1658இல் ஒல்லாந்தன் வந்து வளைத்தான். உள்ளே குடிதண்ணி முடிந்தது. நாலாபக்கமும் தண்ணியைப் பார்த்துக்கொண்டே பறங்கி தாகத்தில் சரணடைந்தான். வென்றவனுக்கு இலங்கை பன்றித்தொடையாகவும் கோட்டை அதன் குதிக்காலாகவும் தெரிந்ததாம். 'ஹம்மன்ஹீல்' என்று பேர் வைத்தான். நல்ல பசி போல. பிறகு அது சிறையானது. இப்போது கடற்படையின் ஹோட்டல். அன்று கட்டி இழுத்துப்போன இடத்துக்கு இன்று காசு கட்டிப் போகலாம்.

கணினிக்காரரும் கடற்கோட்டை கட்டினார்கள். நிசக் கணினிக்குள் ஒரு பொய்க் கணினி. உள்ளே இருக்கிறவர் 'விருந்தாளி'. அவர் என்ன கூத்தும் ஆடலாம், வீட்டுக்காரரின் அடுப்படிக்கு மட்டும் வரக்கூடாது. பொய்க் கணினி பொய்யென்று தெரியாமலிருக்க, க்யூஎமு என்ற மென்பொருளில் பொய் ஃப்ளொப்பி டிரைவும் வைத்தார்கள். அந்த நிரலை ஸென், கேவிஎம், வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மற்றப் பொய்க் கணினி மென்பொருள்களும் கடன் வாங்கின.

ஃப்ளொப்பிக்கு வரும் கட்டளைகளை ஏந்த 512 பைட் வாளி ஒன்று. ஒரு கட்டளை முடிந்ததும் கணக்கைப் பூச்சியமாக்க வேண்டும். இரண்டு கட்டளைகளில் அது ஒழுங்காக நடக்கவில்லை. எங்கள் ஊரில் பவுசர் வந்து வாளி நிரம்பியும் குழாயை மாற்றாவிட்டால், வரிசையில் நிற்கிற கிழவி ஊரைக் கூட்டுவாள். இங்கே கிழவி இல்லை. வழிந்தது பக்கத்து நினைவகத்துக்குள் ஓடியது. விருந்தாளி நினைத்தால் அதில் நீந்தியே அடுப்படிக்குப் போகலாம்.

2004இல் புகுந்த பிழை, உலகம் ஃப்ளொப்பிக்குத் திவசம் கொடுத்த பிறகும் உயிரோடு இருந்தது. டிரைவை நிறுத்திவைத்தாலும் க்யூஎமுவிலும் ஸென்னிலும் அதன் நிரல் ஓடிக்கொண்டேயிருந்தது. 2015 மே 13 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஜேசன் கெஃப்னர் குட்டை உடைத்தார். பேர் 'வெனம்', விஷம். நிறுவனத்துக்குப் புகழ்.

அதே கிரவுட்ஸ்ட்ரைக், 2024 ஜூலை 19 அன்று ஒரு அப்டேட் அனுப்பியது. இருந்தது 20 வாளி, அவர்களின் நிரல் 21ஆவதற்குள் கைவிட்டது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலம் பாரித்து விழுந்தன.

பறங்கி தண்ணி இல்லாமல் விழுந்தான். க்யூஎமு தண்ணி மிஞ்சி விழுந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் இல்லாத வாளிக்குள் விழுந்தது. மூன்று பேருக்கும் தேவைப்பட்டது, பவுசர் வரிசைக் கிழவி ஒருத்திதான்.