மேலே 15, கீழே 9

காட்டுக்குப் போகிறவர்கள் காட்டைப் பார்ப்பதற்காகவே போகிறார்கள் என்று இன்னமும் யாராவது நம்பிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு அமெரிக்காவில் மாப்பிள்ளை வாய்க்கவில்லை என்றுதான் நான் முடிவு செய்வேன். நேற்று பிப்ரவரி 15-ஆம் தேதி இரவு 8.30 மணிக்கு, அதாவது கலிபோர்னியாவில் காலை 7 மணி அடிக்கும் அந்த க்ஷணத்தில், யோசெமிட்டி பள்ளத்தாக்கின் அப்பர் பைன்ஸ் முகாமில் ஜூலை மாதக் கடைசியில் ஓரிடம் பிடிப்பதற்காக, மாப்பிள்ளை சான் ஹோஸேயில் ஓர் அறையிலும், என் மகள் அடுத்த அறையிலும், நான் வேலூரில் என் வீட்டுக் கூடத்திலுமாக, ஆளுக்கொரு கம்ப்யூட்டரின் முன் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து மாதங்களுக்கு முன்னதாகவே, மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் திறக்கப்படும் அந்த வாசல், திறந்த சில நிமிஷங்களில் அடைபட்டுவிடும் என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடம் கிடைத்தது. கிடைத்த சந்தோஷம் எனக்கு முழுசாக வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்து சேர்ந்தது: "மாமா, சைட் கிடைச்சாச்சு! இந்தத் தடவை பீட்சாவோட நிக்கப் போறதில்லை. கால்ஸோனே, சின்னமன் ரோல் எல்லாம் உண்டு. வழக்கம்போல கரி உங்க டிபார்ட்மென்ட்."

இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வனத்தில் வசிக்கும்போது மனிதன் எதை உண்ணவேண்டும், எப்படி உண்ணவேண்டும் என்பதைப் பற்றி எனக்குத் திடமான ஒரு சித்தாந்தம் உண்டு. அதை விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் அதற்கு முன்பாகக் கரியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் சித்தாந்தம் எவ்வளவு வேதனையிலிருந்து பிறந்தது என்பது வாசகர்களுக்கு விளங்காது.

டச்சு ஓவன் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707-ஆம் வருஷம் மணல் அச்சில் இரும்புப் பாத்திரம் வார்ப்பதற்குக் காப்புரிமை பெற்றாரே, அந்த வம்சத்தில் வந்தது. கனத்த வார்ப்பிரும்பில், மூன்று குட்டைக் கால்களும், தூக்குவதற்கு ஒரு கம்பிக் கைப்பிடியும், விளிம்பு உயர்த்திய தட்டையான மூடியும் கொண்ட அந்த வஸ்துவை, 12 அங்குல அளவில் வாங்கினால், எட்டு ஒன்பது கிலோவுக்குக் குறையாது. கால்கள் எதற்கென்றால் கீழே தணல் பரப்புவதற்கு. விளிம்பு எதற்கென்றால் மூடியின் மேல் வைத்த தணல் சரிந்து விழாமல் இருப்பதற்கு. இதுவரையில் எனக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. மேலும் கீழும் நெருப்பு வைத்து நடுவில் உள்ளதை வேகவைப்பது அறிவுள்ள யோசனைதான்.

வினை எங்கே ஆரம்பிக்கிறதென்றால், அந்தத் தணல் எத்தனை துண்டு என்ற கேள்வியில் ஆரம்பிக்கிறது. பாத்திரத்தின் அங்குலக் கணக்கோடு மூன்றைக் கூட்டினால் மூடியின் மேல் வைக்கவேண்டிய கரித்துண்டுகள், மூன்றைக் கழித்தால் அடியில் வைக்கவேண்டியவை என்று ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி 12 அங்குலப் பாத்திரத்துக்கு மேலே 15, கீழே 9. உள்ளே சுமார் 160 டிகிரி உஷ்ணம் கிடைக்கும். நான் உத்தியோக காலம் முழுவதையும் கணக்குத் தணிக்கையில் கழித்தவன் என்ற ஒரே காரணத்தால், போன தடவை நாங்கள் அங்கே போனபோது இந்தச் சூத்திரத்தைப் பரிபாலிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் 160 டிகிரியில் கேக்கு வேகுமே தவிர, பீட்சா வேகுமா? நேப்பிள்ஸ் நகரத்தில் விறகு அடுப்பை 430 டிகிரிக்கு மேல் காயவைத்து, ஒன்று ஒன்றரை நிமிஷத்துக்குள் பீட்சாவை வெளியே எடுத்துவிடுகிறார்கள் என்பதைப் படித்துவிட்டு வந்திருக்கும் மாப்பிள்ளை, அவ்வளவு இல்லாவிட்டாலும் 230 டிகிரியாவது வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டுவிட்டார். இரண்டு துண்டு கூட்டினால் 14 டிகிரி கூடும் என்பது உபசூத்திரம். ஆகவே 70 டிகிரிக்கு இன்னும் 10 துண்டு. ஆக மொத்தம் 34. இந்தப் பத்தில் மேலே எத்தனை, கீழே எத்தனை? கீழே அதிகம் வைத்தால் அடி தீயும். மேலே அதிகம் வைத்தால் சீஸ் கருகி மாவு வேகாது. மாப்பிள்ளை ஏழுக்கு மூன்று என்றார். மகள் எட்டுக்கு இரண்டு என்றாள். பேரன் எல்லாவற்றையும் மேலே கொட்டலாம் என்றான். பதிவேட்டில் எதை எழுதுவது என்று தெரியாமல் நான் இடுக்கியோடு நின்றேன்.

இதோடு முடிந்ததென்று நினைத்துவிடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பாத்திரத்தைக் கால் வட்டம் வலமாகவும், மூடியைக் கால் வட்டம் இடமாகவும் திருப்பவேண்டும். ஒரே இடத்தில் சூடு தங்கிவிடக் கூடாது என்பது அதன் தாத்பரியம். கோயிலில் பிரதட்சிணம் செய்திருக்கிறேன். ஒரே சமயத்தில் பாத்திரத்துக்குப் பிரதட்சிணமும் மூடிக்கு அப்பிரதட்சிணமும் செய்துவைக்கும் பாக்கியம் எனக்கு அந்தக் காட்டில்தான் கிடைத்தது. நடுவில் காற்று வீசினால் வீசுகிற பக்கத்துக் கரி சீக்கிரம் எரிந்துவிடும், கணக்கு உதைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் தணல் எல்லாம் சாம்பலாகிவிடுமாகையால், அடுத்த பீட்சாவுக்கான கரியை இதற்குள்ளேயே வேறொரு தகர உருளையில் பற்றவைத்து, அது வெளுத்துச் சாம்பல் பூக்கும் வரையில் காத்திருக்கவேண்டும். மூடியைத் திறந்து பார்க்கலாமென்றால், அதன் மேல் இருக்கும் சாம்பல் ஒரு மூச்சுக் காற்றுக்குப் பீட்சாவின் மேல் பொழியும். மாப்பிள்ளையோ துப்பாக்கி வடிவத்தில் ஓர் உஷ்ணமானியை மூடியின் மேல் குறிபார்த்து, "212... 209... மாமா, இறங்குது மாமா!" என்று அறிவித்துக்கொண்டே இருப்பார். அவர் குரலில் இருக்கும் பதற்றத்தைக் கேட்டால், இறங்குவது கரியின் சூடா, குடும்பத்தின் மானமா என்று சந்தேகம் வந்துவிடும்.

இத்தனையையும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஆம்பூர்க்காரி. "எங்க ஊர்ல பிரியாணிக்குத் தம் போடறப்ப பாய் மூடி மேலே தணலை அள்ளிப் போடுவாரே, என்னைக்காவது எண்ணிப் போட்டிருக்காரா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை மட்டும், "அத்தை, பிரியாணிக்குச் சகிப்புத்தன்மை ஜாஸ்தி" என்றார்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மே முதல் செப்டம்பர் வரையில் அந்தப் பள்ளத்தாக்கில் மாலை 5 மணிக்கு முன்னால் நெருப்பு மூட்டக் கூடாது; இரவு 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும். காற்று கெடாமல் இருப்பதற்காக ஏற்பட்ட இந்த விதி மிகவும் நியாயமானது. ஆனால் ஐந்து மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கு ஆளுக்கொரு பீட்சா என்பது, நான் மேலே விவரித்த முறைப்படி, எந்தக் கணிதத்துக்கும் அகப்படாத காரியம். அந்த ஐந்து மணி நேரத்துக்குள்தான், எதிரே ஹாஃப் டோம் என்னும் அந்தப் பிரம்மாண்டமான கருங்கல் மலை, அஸ்தமன வெயிலில் செக்கச் சிவந்து காட்சி கொடுத்ததாம். பக்கத்து முகாமில் இருந்தவர் மறுநாள் வந்து போட்டோ காட்டினார். அவர் குடும்பம் குச்சியில் ஸாஸேஜைக் குத்தி வாட்டித் தின்றுவிட்டு, பொழுதோடு படுத்துக்கொண்ட குடும்பம்.

சரி, சித்தாந்தத்துக்கு வருகிறேன். ஜான் மியூர் என்ற மகான், ரொட்டியும் தேயிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு இதே மலைகளில் சஞ்சாரம் செய்தவர். 1903-ஆம் வருஷம் மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே அவரோடு இங்கே வெட்டவெளியில் மூன்று இரவு படுத்திருந்து, ஒரு நாள் காலையில் போர்வையின் மேல் பனி பெய்திருக்கக் கண்விழித்து, அதற்காகப் பரம சந்தோஷம் அடைந்தார். அவர்கள் மொஸரெல்லா கொண்டுபோனதாக எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதவில்லை. நாங்களோ கோதுமை மாவு, ஈஸ்ட், மூன்று வகை சீஸ், துளசியின் அந்நிய தேசத்துச் சகோதரியான ஓர் இலை, பூரிக்கட்டை, தராசு இவ்வளவையும் கொண்டுபோனோம். கரடிகள் உலாவும் இடமாகையால், உணவுப் பண்டம் மட்டுமின்றி வாசனை உள்ள எந்த வஸ்துவையும் அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில்தான் பூட்டவேண்டும். தவறினால் 5,000 டாலர் வரையில் அபராதம். பற்பசை, தேங்காயெண்ணெய், என் அமிர்தாஞ்சனம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயின. பிசைந்த மாவும் உணவுதானே? அதுவும் போயிற்று. ஜூலை மாதத்து வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் ஈஸ்ட் கலந்த மாவை மதியம் முழுவதும் வைத்தால் என்ன ஆகும் என்பதை ரஸாயனம் படித்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மாலையில் கதவைத் திறந்தபோது, மாவு தன் பாத்திரத்தைத் துறந்து, பற்பசையைக் கடந்து, அமிர்தாஞ்சன பாட்டிலை ஆலிங்கனம் செய்துகொண்டிருந்தது. "மேல இருக்கறதை எடுத்துட்டா ஒண்ணும் தெரியாது மாமா" என்றார் மாப்பிள்ளை. தெரிந்தது. என் பேரன் தன் பங்கைத் தின்றுவிட்டு, மூக்கடைப்பு விட்டுப்போயிற்று என்றான்.

இவ்வளவுக்கும், கர்ரி தம்பதியர் 1899-இல் கூடாரம் போட்டு ஆரம்பித்த கர்ரி வில்லேஜ் என்ற விடுதி அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே பீட்சாக் கடை இருக்கிறது. கரியை எண்ண வேண்டாம், எதையும் திருப்ப வேண்டாம், காசு கொடுத்தால் போதும். இதை நான் பிரஸ்தாபித்தபோது, குடும்பம் முழுவதும் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமேப்பா" என்றாள் மகள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குப் புரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. வரும்போது கனமான இரும்புத் தோசைக்கல் ஒன்று, 12 அங்குலத்துக்குக் குறையாமல், வேலூர் பஜாரில் பார்த்து வாங்கி வரவேண்டுமாம். விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் என்றும், அதில் அத்தையின் ஊறுகாயும் வடகமும் வத்தலும் ஏற்கெனவே பட்டா வாங்கிவிட்டன என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. என்றாலும் தோசைக்கல் என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனம் கொஞ்சம் இளகிவிட்டது என்பது வாஸ்தவம். புளித்த மாவு ஒரு டப்பா, மிளகாய்ப்பொடி ஒரு டப்பா, எண்ணெய் ஒரு சீசா, சாயங்காலம் 5.30 மணிக்குள் எல்லோருக்கும் ஆகிவிடும். மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

"பேஷாக் கொண்டுவரேன் மாப்பிள்ளை, தோசை வார்க்கத்தானே?" என்றேன்.

"இல்லை மாமா, பீட்சாவுக்கு அடியில வைக்க. காட்டுல போய் யாராவது தோசை சுடுவாங்களா?" என்றார்.