மணிக்கட்டுக் கலோரி: மலைக்கோட்டையை உரைகல்லாகக் கொண்டு ஓர் அளவை ஆய்வு

உடற்பயிற்சிக் கைப்பட்டை, அதாவது திருச்சிராப்பள்ளியின் தில்லைநகரிலும் சிங்காரத்தோப்பிலும் விலை குறைந்ததாயின் ஃபிட்னஸ் பேண்டு என்றும் கூடியதாயின் ஸ்மார்ட் வாட்ச் என்றும் கேட்டு வாங்கப்படும் கருவி, அணிந்தவர் நடந்த அடிகள், அவருடைய இதயத் துடிப்பு, அவர் எரித்த கலோரி ஆகிய மூன்று எண்களையும் ஒரே திரையில், ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியோடு காட்டுகிறது. இம்மூன்றும் ஒரே தரத்து அறிவு அல்ல என்பதை நிறுவுவதும், மூன்றாவது எண்ணை நம்பித் திருவானைக்காவலில் இறங்கி நெய் ரோஸ்ட்டுக்குச் சொல்வது தகுமா என்னும் ஐயத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். இவ்வாய்வுக்குத் திருச்சியும் ஸ்ரீரங்கமும் தெரிந்தெடுக்கப்பட்டமைக்கு ஊர்ப்பற்று மட்டும் காரணமன்று. செங்குத்தாக எழும் ஒரு பாறையும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சமதளமாகக் கிடக்கும் ஒரு தீவும் சில கிலோமீட்டர் இடைவெளியில் கிடைக்கும்போது வேறோர் ஆய்வுக்கூடம் தேடுவது வீண் செலவு.

சைவ சித்தாந்த அளவை நூலார், ஒன்றை அறிவதற்குரிய வழிகளுள் காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றைத் தலையாயவையாகக் கொள்வர். புலனுக்கு நேரே தோன்றுவதை அறிதல் காட்சி. தோன்றிய ஒன்றைக் கொண்டு தோன்றாத ஒன்றை உய்த்துணர்தல் கருதல், மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டெனத் துணிவது அதற்கு வழிவழி வந்த எடுத்துக்காட்டு. நம்பத்தக்கார் சொல்லை அப்படியே ஏற்பது உரை. கைப்பட்டையைப் பொறுத்தவரை அடிக்கணக்கு காட்சியைச் சேர்ந்தது, கலோரிக் கணக்கு கருதலைச் சேர்ந்தது; அணிந்தவரோ இரண்டையும் உரையாகவே எடுத்துக்கொள்கிறார்.

அடியை எண்ணுவது முடுக்கமானி என்னும் உறுப்பு. சிலிக்கான் சில்லு ஒன்றினுள் வில்போன்ற நுண்ணிழைகளில் தொங்கும் மிகச் சிறு எடை, கை முன்னும் பின்னும் வீசும்போது தன் இடத்திலிருந்து விலகுகிறது. அவ்விலகல் சீரான தாளத்தில் திரும்பத் திரும்ப வருமானால் அது நடை என்று பதிவாகிறது. ஆகவே கருவி காண்பது காலை அன்று, கையை. ஒன்றை மற்றொன்றாகக் காணும் பிழைக்குத் திரிபுக் காட்சி என்று பெயர். 1-ஆம் எண் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஸ்ரீரங்கம் வருபவருக்கு வழியிலுள்ள மேடு பள்ளங்கள் சில அடிகளைத் தானமாக வழங்குவதும், டவராவுக்கும் டம்ளருக்கும் இடையே காபி ஆற்றும் கை நடந்ததாக எண்ணப்படுவதும் அவ்வகையைச் சேர்ந்தவை. இதற்கு மறுதலையாக, மலைக்கோட்டைப் படியில் பக்கக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறுபவரும், அர்ச்சனைத் தட்டை இரு கையாலும் ஏந்திச் செல்பவரும் கை வீசாமையால் நடவாதவர் ஆகின்றனர். இவ்வகையில் மிகப் பெரிய அநீதிக்கு ஆளாகக் கூடியவர்கள், ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளைத் தோளுக்கினியான் என்னும் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதந்தாங்கிகள். தண்டைத் தோளில் ஏற்றி, கையால் அதனை இறுகப் பற்றி, சிங்க நடை, பாம்பு நடை எனக் கதிகள் பலவற்றை அடிபிசகாமல் நடந்துகாட்டும் ஒருவர், தண்டைப் பற்றிய கையில் இக்கருவியைக் கட்டியிருப்பாராயின், ஊரிலேயே கடினமான நடையை நடந்து முடித்த அன்று ஓய்ந்திருந்தவராகவே கணக்கிடப்படுவார்; போதாக்குறைக்கு, வெகு நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், சற்றே எழுந்து நடமாடுங்கள் என்று அது மணிக்கட்டில் அதிர்ந்து அவருக்கு அறிவுரையும் கூறக்கூடும்.

துடிப்புக் கணக்கு காட்சிக்கும் கருதலுக்கும் நடுவில் நிற்கிறது. கருவியின் அடிப்பக்கத்திலுள்ள விளக்கு தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்துகிறது. குருதி பச்சை ஒளியை மிகுதியாக விழுங்கும் இயல்புடையது ஆதலின், ஒவ்வொரு துடிப்பிலும் நாளத்தில் குருதி பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, வடியும்போது கூடுகிறது. இவ்வேற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு கிடைக்கிறது. ஒளிச் சிதறல் ஆய்வுக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற சி. வி. ராமன் 1888-இல் பிறந்தது திருச்சிராப்பள்ளியில்தான் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டாமல் கடந்துபோக உள்ளூர் ஆய்வாளர் எவருக்கும் மனம் வராது. ஆயினும் ராமன் விளைவில் சிதறிய ஒளி நிறம் மாறுகிறது, கைப்பட்டையிலோ திரும்பிய ஒளியின் அளவு மட்டுமே பார்க்கப்படுகிறது என்பதால் உறவு கொண்டாட இடமில்லை. பட்டை தளர்ந்திருந்தால் வெளிவெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும். பாறையைக் குடைந்து சென்ற படிகளின் இருட்டில் ஒருவருடைய மணிக்கட்டின் ஓரத்தில் பச்சை ஒளி கசிந்து தெரியுமானால், அவருடைய துடிப்புக் கணக்கை அன்று பொருட்படுத்த வேண்டியதில்லை.

இனிக் கலோரி. ஒரு கிராம் நீரின் வெப்பத்தை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையான ஆற்றல் ஒரு கலோரி. உணவுப் பொட்டலங்களிலும் கைப்பட்டைகளிலும் அப்பெயரால் வழங்குவது அதைப்போல் ஆயிரம் மடங்கான கிலோகலோரி, இக்கட்டுரையிலும் அதுவே. இதனை உடலில் நேராகக் காண்பது எத்துணை அரிது என்பதை வரலாறு காட்டும். 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடற்சூட்டால் உருகிய நீரை நிறுத்துப் பார்த்தனர். அடுத்த நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அட்வாட்டர், மனிதர் பல நாள் உண்டு உறங்கி வசிக்கத்தக்க அறையொன்றையே கலோரிமானியாகக் கட்டினார். பின்னாளில், உடல் உள்வாங்கும் ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கலோரி என்னும் கணக்கைக் கொண்டு, முகமூடி மாட்டி மூச்சை அளக்கும் முறை பரவியது. கனத்த ஹைட்ரஜனும் கனத்த ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, இரண்டும் உடலை விட்டு வெளியேறும் வேக வேறுபாட்டிலிருந்து பல நாள் செலவைக் கணிக்கும் இரட்டைக் குறியிட்ட நீர் முறையே வெளியில் நடமாடும் மனிதருக்கு இன்றைய உரைகல். பனிக்கட்டி, அறை, முகமூடி, கனநீர் இவற்றுள் எதுவும் மணிக்கட்டில் இல்லை.

அங்கு இருப்பது ஒரு சூத்திரம். நிறுவனங்கள் பெரும்பாலும் தம் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. எனினும் அதன் தன்மையை 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டைக் கொண்டு விளக்கலாம். அமெரிக்காவில் 498 பேரை அளந்து பெறப்பட்ட அச்சமன்பாட்டின்படி, ஓர் ஆண் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்கும் நாளில் எரிப்பது, கிலோ எடையைப் பத்தாலும் சென்டிமீட்டர் உயரத்தை ஆறேகாலாலும் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, மேலும் ஐந்தைச் சேர்த்தால் வரும் எண். 65 கிலோ எடையும் 165 செ.மீ. உயரமும் 50 வயதும் உடையவருக்கு அது ஏறத்தாழ 1,436. மொத்தக் கலோரியைக் காட்டும் கருவியாயின், நள்ளிரவில் தொடங்கிய கணக்கு காலை ஆறு மணிக்கு அவர் போர்வையை விலக்கும்போதே 360-ஐத் தொட்டிருக்கும். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியைச் சுற்றி வந்து 450 எனக் கண்டு மகிழ்பவர், அதில் பெரும்பகுதி குறட்டைக்கு உரியது என்பதை அறியார்.

இவ்வடித்தளத்தின்மேல், துடிப்பு உயர உயர உழைப்பும் உயர்கிறது என்னும் கருத்து அடுக்கப்படுகிறது. இது சமநிலையான காற்றுள்ள கூடத்தில் சைக்கிள் மிதிப்பவரிடம் பெரிதும் உண்மை; கத்திரி வெயிலில் மெயின்கார்டு கேட்டில் ஆட்டோவுக்குக் காத்து நிற்பவரிடம் அவ்வாறன்று. உடற்சூட்டைத் தணிக்கத் தோலுக்குக் குருதியை அனுப்புவதற்காகவும் இதயம் விரைகிறது, அச்சத்தாலும் சினத்தாலும் விரைகிறது. வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசலை நோக்கி நெருங்கும் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சில அடிகளே நகர்ந்தவருடைய துடிப்பைக் கண்டு கருவி அவரை ஓட்டப் பயிற்சியாளராகக் கருதினால், புகை மெய்யே ஆயினும் நெருப்பு வேறிடத்தில் எரிகிறது என்றுதான் கொள்ள வேண்டும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, துடிப்பை ஏழில் ஆறு 5 விழுக்காட்டுப் பிழைக்குள் சொல்லின; கலோரியிலோ மிகச் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடும், கடைசியில் நின்றது 93 விழுக்காடும் பிழைத்தன. ஒரே கருவி, ஒரே மணிக்கட்டு, காட்சியில் தேர்ச்சி, கருதலில் தோல்வி.

இங்கே கருவி தேரும் முறை பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஸ்ரீவைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் காட்டுவர். முன்னது தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், பின்னதைத் தாயே கவ்விச் செல்லும். கைப்பட்டை அணிவோரும் இவ்விரு நெறியினரே. குரங்கு நெறியார் எடையை மாதந்தோறும் திருத்திப் பதிவர், மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஒரு விரல் தள்ளிப் பட்டையை இறுக்குவர், நடக்கத் தொடங்குமுன் நடையென்று தொட்டுச் சொல்வர். பூனை நெறியார் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டதோடு பொறுப்பைத் துறப்பர். விற்பனைப் பையன் அவசரத்தில் பதிந்து கொடுத்த 25 வயதோடு 65 வயது ஓய்வூதியர் ஒருவர் சித்திரை வீதியை வலம் வருவது இந்நெறியில் இயல்பு. மேற்கண்ட சமன்பாட்டின்படி அவருக்கு நாள்தோறும் 200 கலோரி இனாமாகக் கிடைக்கிறது. பெருமாள் திறத்தில் எந்நெறி உயர்ந்தது என்பது இக்கட்டுரையின் வரம்புக்கு அப்பாற்பட்டது. கருவியின் திறத்தில் சரணாகதி பலிக்காது. வாங்கும்போது கேட்கத் தக்கவை வேறு சில: அம்மா மண்டபத்தில் முழுக்குப் போடுபவராயின் நீர்புகாத் தரம், வியர்வையில் அரிக்காத பட்டை, படியேறுபவராயின் காற்றழுத்தமானி, அதாவது மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதைக் கொண்டு உயரம் அறியும் உறுப்பு. கலோரியைக் காட்டி விலையைக் கூட்டும் கருவிக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

கருவியின் கருதலைச் சோதிக்க மலைக்கோட்டை எவ்வாறு உதவும் என்பதே எஞ்சியுள்ளது. பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர். 65 கிலோ எடையை அவ்வுயரத்துக்குத் தூக்குவதற்கான ஆற்றல், எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐயும் பெருக்க வருவது, ஏறத்தாழ 52,900 ஜூல், அதாவது 12.6 கலோரி. தசை தான் எரிப்பதில் நான்கில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரையே வேலையாக மாற்றித் தருகிறது, மிச்சம் வியர்வைக்குக் காரணமான சூடாகிறது. ஆகவே மாணிக்க விநாயகரிடமிருந்து 400-க்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து, தாயுமானவரைச் சேவித்து, உச்சிப் பிள்ளையாரை அடைபவர் ஏறுதலுக்கென்று செலவிடுவது 50 முதல் 63 கலோரி. சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க ஒவ்வொரு கிலோ எடைக்கும் அரைக் கலோரி கூடுதலாகச் செலவாகும் என்னும் கணக்கில் இது ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் நடைக்குச் சமம். ஒரு கிராம் நெய்க்கு 9 கலோரி என்னும் கணக்கில் அரை மேசைக்கரண்டி நெய்க்குச் சமம். நெய் ரோஸ்ட்டின் மாவும் உள்ளிருக்கும் மசாலாவும் சட்னியும் இன்னும் கணக்கில் சேரவில்லை. உச்சியில் நின்று திரையைப் பார்க்கையில் 20 என்றிருந்தால் அக்கருவி படிகளைச் சமதள அடிகளாக எண்ணியுள்ளது, 150 என்றிருந்தால் மூச்சிரைப்பை உழைப்பாக எண்ணியுள்ளது. இரண்டும் திருத்தக் கூடியவையே, எத்தனை மடங்கு பிழை என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

இறக்கம்தான் சிக்கல். ஏறிய வழியே இறங்கி மீண்டும் மாணிக்க விநாயகர் சந்நிதியில் வந்து நிற்பவர்மேல் புவியீர்ப்பு செய்த வேலை, பள்ளி இயற்பியலின்படி சுழியம். தளங்களை எண்ணும் கருவிகள் பொதுவாக இறக்கத்தைச் சேர்ப்பதில்லை. அடிகளை எண்ணும் உறுப்போ இரண்டு திசையையும் ஒன்றாகவே எண்ணுகிறது. தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்கி இறங்குவதால் அங்கே எரியும் கலோரி ஏற்றத்தைவிடக் குறைவு, வலி கூடுதல். மறுநாள் காலை வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போது தெரியவரும் அவ்வலிக்குத் திரையில் இடம் ஒதுக்கிய கருவி தில்லைநகர்க் கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.