படி அளந்த பெருமகனுக்கு

ஐயா, உங்கள் புது வீட்டின் ஹால் எத்தனை விசாலம்! சோபா போட்டு, ஊஞ்சல் மாட்டிய பிறகும் குழந்தைகள் ஓடியாட இடம் மிச்சம் இருக்கிறது. அந்த இடம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் உங்கள் கெட்டிக்காரத்தனம் புரியும். படிக்கட்டைச் சுருக்கி ஹாலை வளர்த்தவர் நீங்கள்.

தரைக்கும் மாடிக்கும் 10 அடி. அதை 15 படியில் ஏற்றிவிட்டீர்கள். படிக்கு 8 அங்குல உயரம், 9 அங்குல மிதி. வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஏழரை அங்குலம், 10 அங்குலம். இப்படிப்பட்ட சில்லறைக் கணக்கெல்லாம் உங்கள் தாராள மனசுக்கு ஒத்துவருமா? மிதியில் பாதம் முழுதாகப் பதிவதில்லை என்பதால் வீட்டார் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கப் பழகிவிட்டார்கள். எந்த ஆசிரியரும் இல்லாமல் ஒரு குடும்பத்துக்கே புது நடை கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள்.

சாஸ்திரத்தையும் நீங்கள் விடவில்லை. லாபம், நஷ்டம், லாபம் என்று எண்ணி வந்து 15-ஆம் படியை லாபத்தில் முடித்தீர்கள். 17 படி வைத்தாலும் லாபத்தில்தான் முடியும். உயரம் 7 அங்குலத்துக்கு இறங்கும், மிதிக்கு 10 அங்குலம் கொடுக்கலாம். நடுவில் லேண்டிங் வைத்துத் திரும்பும் படிக்கு அதற்காகக் கூடுதலாக வேண்டியது ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். அந்த ஒன்றரை அடியைப் பெற்ற தாயின் முழங்காலிடமிருந்து வாங்கி ஊஞ்சலுக்குத் தானம் செய்த வள்ளல் ஐயா நீங்கள்! அம்மா இப்போது வடாம் காயப்போட மொட்டை மாடிக்கு ஏறுவதில்லை. வயதான காலத்தில் அவருக்கு ஓய்வு கொடுத்த பிள்ளை என்று ஊர் மெச்ச வேண்டும்.

ஆனால் உங்கள் கைவண்ணத்தின் உச்சம், முதற்படியும் கடைசிப் படியும். மேஸ்திரி எல்லாப் படிகளையும் ஒரே அளவில், 8 அங்குலத்துக்குத்தான் கான்கிரீட் வார்த்தார். பிறகு ஹாலிலும் மாடியிலும் கலவையும் டைல்ஸுமாகத் தரை 3 அங்குலம் உயர்ந்தது. படிமேல் ஏறியதோ கலவையோடு சேர்த்து 1 அங்குலக் கிரானைட். முதற்படி 6 அங்குலமாகக் குறுகியது, கடைசிப் படி 10 அங்குலமாக வளர்ந்தது. இரண்டு படி ஏறியதுமே கால் உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். அப்புறம் கண்ணைக் கேட்காது. படியில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். மாடியிலிருந்து இறங்கும் முதல் அடியிலேயே 10 அங்குலப் பள்ளம் வைத்து, அரைத்தூக்கத்தில் வருகிறவரையும் விழிக்க வைக்கிறீர்கள்.

மின்சாரச் சிக்கனமும் உண்டு. சுவிட்ச் கீழே மட்டும்தான். மாடியிலிருந்து வருகிறவர் இருட்டில் இறங்கி முடித்த பிறகு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். கறுப்புக் கிரானைட்டோ முகம் பார்க்கிற பளபளப்பு. விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்வை மங்கியவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம். கைப்பிடிக்குக் கீழே எவர்சில்வர் குழாய்களைக் குறுக்கே ஓடவிட்டிருக்கிறீர்கள். நிற்கப் பழகிய பேரன் அதில் கால் வைத்து எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். குழந்தைகளின் ஆர்வத்தை இப்படி ஊக்குவிக்கும் தாத்தா வேறு யார்?

ஐயா, இடிக்காமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. மேலேயும் கீழேயும் டூ-வே சுவிட்ச், படி விளிம்பில் வேறு நிறத்தில் சொரசொரப்புப் பட்டை, சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி. குறுக்குக் குழாய்களைக் கழற்றிவிட்டு, குழந்தையின் தலை நுழையாதபடி 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல் நெடுக்குக் கம்பி வையுங்கள். இனிமேல் கட்டப்போகிறவர்கள், படிக்குச் சென்டரிங் அடிப்பதற்கு முன்பே தரைக்கு எத்தனை அங்குலம், படிக்கு எத்தனை அங்குலம் ஏறும் என்று மேஸ்திரியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்த வித்தியாசத்தை முதற்படியில் கூட்டி, கடைசிப் படியில் குறைத்து வார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு கேட்டால் மேஸ்திரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.