தவளைக்கு ஒன்றுவிட்ட தம்பி

என் மகளுக்கு ஆக்ஸலாட்டல் வேண்டுமாம். மைன்கிராஃப்ட் விளையாட்டில் பார்த்ததிலிருந்து ஒரே பிடிவாதம். மெக்சிகோ நகரத்து சோச்சிமில்கோ வாய்க்கால்களில் பிறந்த சாலமாண்டர் அது. கழுத்தின் இருபுறமும் விசிறி வைத்த மாதிரி செவுள், இமையே இல்லாத முழி, காரணமில்லாத ஒரு சிரிப்பு. கால் போனால் மறுபடி முளைக்கும். ஆயுள் முழுக்கக் குழந்தையாகவே இருந்துவிடும் என்றும் படித்துக் காட்டினேன். “அப்படி ஒண்ணு ஏற்கெனவே வீட்ல இருக்கே” என்றாள் மனைவி.

சான் ஹோஸேயில் மீன்தொட்டிக் கடை ஒன்றில் கேட்டேன். கடைக்காரர் நான் கஞ்சா கேட்டதுபோல் பார்த்தார். தப்பு, கலிஃபோர்னியாவில் கஞ்சா கேட்டால் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அது சட்டப்படி கிடைக்கும். ஆக்ஸலாட்டலும் முள்ளெலியும்தான் கிடைக்காது.

எல்லாம் ஆக்ஸலாட்டலின் பங்காளிகள் செய்த வேலை. சென்ற நூற்றாண்டின் நடுவில், தூண்டில் இரைக்கென்று டெக்சாஸ் பக்கத்துப் புலிச் சாலமாண்டர் குட்டிகளைச் சலினாஸ் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து விட்டார்கள். மீன் வாயில் போகாமல் தப்பியவை உள்ளூரிலேயே சம்பந்தம் பண்ணிக்கொண்டன. இன்று எது அசல், எது கலப்பு என்று மரபணு பார்த்தால்தான் தெரியும். அதனால் அந்தக் குடும்பத்துக்கே இந்த மாநிலத்தில் ஊர்விலக்கு.

சரி, வயிறு சிவந்த நியூட் என்னும் சாலமாண்டர் ஒன்றாவது வாங்கலாமென்றால் அதற்கு மத்திய அரசு குறுக்கே நின்றது. நெதர்லாந்தில் ஒரு தோல் பூஞ்சை நெருப்புச் சாலமாண்டர்களைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்துவிட்டது. அது இங்கே நுழையக்கூடாதென்று 2016-இல் 201 இனங்களுக்கு இறக்குமதித் தடை. பயம் நியாயம்தான், உலகிலேயே அதிக சாலமாண்டர் இனங்கள் உள்ள நாடு அமெரிக்கா. ஆனால் உயிரோடு மட்டுமில்லை, பிணமாகவும் வரக்கூடாதாம், ஒற்றை உறுப்பாகவும் வரக்கூடாதாம். முளைக்கிற காலுக்கும் விசா! மாநில எல்லை தாண்டுவதும் குற்றமாக இருந்தது. 2017-இல் அப்பீல் கோர்ட், ஹவாய் நீங்கலான 49 மாநிலங்களுக்குள் அந்தத் தடை செல்லாது என்றது. கிரீன் கார்டுக்குப் பதினொரு வருஷமாக நிற்பவன் நான். இந்த வாசகமெல்லாம் எனக்கு உரையே இல்லாமல் புரிந்தது.

இங்கேயே பிறந்த நியூட் குட்டி இருக்கிறதா என்று வளர்ப்பாளர் ஒருவருக்கு எழுதினேன். பெயரை வரிசையில் சேர்த்திருக்கிறேன் என்று பதில் வந்தது. மறுபடியும் வரிசை.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமனார் ஒரு வாரமாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “என்ன மாப்ள, பல்லிக்குமா பெர்மிட்டு? நம்ம வீட்டுச் சொவத்துல சும்மால்லா கெடக்கு.”

“பல்லி இல்ல தாத்தா, தவளைக்குச் சொந்தம்” என்றாள் மகள்.

மழை விட்ட ஒரு காலையில் அவர் கொல்லையில் கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தினார். அந்தச் செடிக்கும் லேசுப்பட்ட கெடுபிடி இல்லை. எலுமிச்சை நோய்ப் பூச்சி தொற்றுமென்று ஊர் தாண்டக் கூடாது. அடியில் மண்புழு மாதிரி ஒன்று சுருண்டிருந்தது. மகள் குனிந்து பார்த்தாள். மண்புழுவுக்கு நாலு கால் ஏது? ஒவ்வொன்றும் எறும்புக்கால் கனம். ஒல்லிச் சாலமாண்டர், அசல் கலிஃபோர்னியா. நுரையீரலே கிடையாது, மூச்செல்லாம் தோல் வழியாகத்தான்.

“அப்பா, இது லீகலா?”

“நம்மளவிட.”

“அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்று மாமனார் தொட்டியைப் பழைய இடத்திலேயே மெதுவாக வைத்தார். இப்போது ரசத்துக்கு ஓர் இணுக்குக் கறிவேப்பிலை கிள்ளவும் மகளிடம் பெர்மிட் வாங்க வேண்டியிருக்கிறது.